கட்டைக்குள் அடங்கும் துப்பாக்கி

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "மாமா, இது ஒண்ணு கையில இருந்தா டாப் ஸ்டேஷன்ல இருந்து குரங்கணிக்குப் பயமில்லாம இறங்கலாம் இல்ல?" என்று கேட்டான். படத்தில் இருந்தது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. கிரிக்கெட் மட்டையை நடுவில் வெட்டி வைத்தது போல இருந்தது. அடுத்த படத்தில் அந்தக் கட்டையின் அடிமூடியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு குழல், ஒரு சுடும் பொறி, ஒரு தோட்டாக்கூடு என்று வெளியே எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது படத்தில் எல்லாம் சேர்ந்து முழுத் துப்பாக்கி ஆகிவிட்டது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் படித்து வெளியூர் போன பிள்ளைகள் பலரும் விடுமுறைக்கு வந்தால் மலையேற்றம் என்று கிளம்புகிறார்கள். அவர்களுக்கும் இந்த எண்ணம் வரக்கூடும். ஆகவே அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்தத் துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் சர்வைவல் ரைபிள் என்று பெயர். உயிர் பிழைப்பதற்கான துப்பாக்கி என்று சொல்லலாம். கழற்றிச் சேர்க்கக் கூடியது என்பதால் டேக்டவுன் என்ற அடைமொழியும் உண்டு. இதன் பிறப்பிடம் காடு அல்ல, ஆகாயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க விமானப்படை விமானங்கள் பனிப்பிரதேசங்களின் மேலும் கடல்களின் மேலும் நெடுந்தூரம் பறக்கத் தொடங்கின. விமானம் விழுந்து விமானி மட்டும் தப்பினால், மீட்க ஆள் வரும்வரை அவன் எதைத் தின்பான் என்ற கேள்வி எழுந்தது. அதற்காக எம்-4, எம்-6 என்ற சிறு துப்பாக்கிகளை விமானியின் அவசரப் பெட்டியில் வைத்தார்கள். 1956-இல் ஆர்மலைட் நிறுவனத்தின் ஏஆர்-5 என்ற மாதிரியை விமானப்படை ஏற்றது. ஆனால் கையில் பழைய துப்பாக்கிகள் நிறைய இருந்ததால் புதியதைப் பெரிய அளவில் வாங்கவில்லை. அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர், பிற்காலத்தில் எம்-16 என்று பெயர் பெற்ற ராணுவத் துப்பாக்கியின் மூலவடிவத்தை வகுத்தவர். அவர் அதே கருத்தைப் பொதுமக்களுக்கென்று மாற்றி ஏஆர்-7 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். என் மருமகன் காட்டிய படம் அதன் வழித்தோன்றல்தான். இப்போது ஹென்றி என்ற அமெரிக்க நிறுவனம் அதைச் செய்து விற்கிறது.

எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். மடக்கி வைத்தால் நீளம் பதினாறரை அங்குலம், அதாவது ஒன்றரை அடிக்கும் குறைவு. தோட்டாக்கூட்டில் எட்டுத் தோட்டாக்கள் நிற்கும். கட்டை தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். இவையெல்லாம் மெச்சத்தக்க வேலைப்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சுடுவது .22 என்ற சிறு தோட்டா. குழலின் வாய் கால் அங்குலம்கூட இல்லை. குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். முயலையும் அணிலையும் பறவையையும் அடித்துப் பசியாறுவதற்கென்றே தேர்ந்தெடுத்த அளவு அது. பசித்த விமானி எதிர்ப்படும் கரடியோடு மல்லுக்கு நிற்பதற்காக இதைச் செய்யவில்லை. பெயரில் 'உயிர் பிழைத்தல்' என்று இருப்பதைப் பார்த்துத் தற்காப்பு என்று நம் பிள்ளைகள் பொருள் கொள்கிறார்கள். இது உண்மையில் சோற்றுக்கான துப்பாக்கி.

மிருகத்துக்கு எதிராகவென்று செய்தவையும் உலகில் உண்டு. 1965 மார்ச்சில் சோவியத் விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெல்யாயெவும் இறங்க வேண்டிய இடத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஊரல் மலைப் பகுதியின் பனிக்காட்டில் இறங்கிவிட்டார்கள். ஓநாயும் கரடியும் உலவும் காட்டில் இரவைக் கழித்தார்கள். பிற்பாடு 1986 முதல் ரஷ்ய விண்வெளி வீரர்களுக்கென மூன்று குழல் கொண்ட ஒரு கைத்துப்பாக்கியே கொடுக்கப்பட்டது. அதன் பின்கட்டையைக் கழற்றினால் அதுவே வெட்டுக்கத்தி. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் பனிக்கரடியை விரட்டத் தக்க சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களும் .22-ஐ எடுத்துப் போவதில்லை. நம் ஊர் போலீஸ் ரைபிளுக்கு நிகரான பெரிய தோட்டாத்தான்.

நம் மலைக்குத் துப்பாக்கி வந்த கதை

கழற்றி மடக்கும் துப்பாக்கி தேவிகுளம் மலைக்குப் புதிதல்ல. நூறு வருடங்களுக்கு மேலாக இங்கே இருந்ததுதான்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தோட்டங்கள் வந்தன, துரைமார்கள் வந்தார்கள், அவர்களோடு டுவெல்வ் போர் என்ற இரட்டைக்குழல் துப்பாக்கியும் வந்தது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் அந்தக் குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும். அதனால்தான் பன்னிரண்டு என்ற எண். அந்தத் துப்பாக்கியின் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழல்களைக் கீலிலிருந்து தூக்கினால் துப்பாக்கி மூன்று துண்டாகும். அதை வைக்க ஒரு தோல் பெட்டி உண்டு. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, ஆட்டுத் தொடை போல் இருக்கும். வெள்ளைக்காரர்களும் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள்.

என் தாத்தா அந்தப் பெட்டியைச் சுமந்தவர். துரை வேட்டைக்குப் புறப்பட்டால் முன்னால் வழிகாட்ட முதுவர் ஒருவர், பின்னால் துரை, அதற்கும் பின்னால் பெட்டியும் சாப்பாட்டுக் கூடையும் தூக்கிக்கொண்டு லயத்து ஆட்கள். இராஜமலையில் வரையாடு பார்க்கப் போய் நாள் முழுக்க மஞ்சு விலகாமல் வெறுங்கையோடு திரும்பிய கதையைத் தாத்தா சிரித்துச் சிரித்துச் சொல்வார். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுக்கக்கூட இல்லையாம். "அன்னைக்கு அந்தப் பெட்டிதான்டா என்னைய வேட்டையாடுச்சு" என்பார். இன்று அதே வரையாடுதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

துரைமார்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1928-இல் அவர்களே ஹைரேஞ்ச் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். யார், எதை, எத்தனை சுடலாம் என்று அது வரையறுத்தது. முதுவர்களைக் காவலர்களாக அமர்த்தியது. சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டும் என்ற கணக்குத்தான் முதலில். இருந்தாலும் இரவிகுளத்துப் புல்வெளி தேயிலையாகிப் போகாமல் தப்பியது அந்தக் கணக்கினாலும்தான். கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டம் 1971-இல் வந்தது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமாகி, 1978-இல் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா ஆனது. வேட்டைக்காகக் காத்த இடத்தில் துப்பாக்கியே நுழையக்கூடாது என்றாகிவிட்டது. மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் சுவர்களில் கொம்புகளும் தலைகளும் மட்டும் தொங்குகின்றன.

லயத்துக்காரர்களிடம் இவற்றில் எதுவும் இருந்ததில்லை. யானை வந்தால் தகரத்தைத் தட்டினோம், பந்தம் கொளுத்தினோம், கூட்டமாகக் கூச்சல் போட்டோம். தாத்தா சுமந்த துப்பாக்கியைத் தாத்தா ஒரு நாளும் சுட்டதில்லை.

யானைக்கு முன்னால்

இனி மருமகனின் கேள்விக்கு நேராக வருகிறேன். இந்தப் பக்கத்தில் நடக்கிறவன் அஞ்ச வேண்டிய மிருகம் எது? யானை. அதற்கு அடுத்தது காட்டுமாடு. புலி, சிறுத்தை இருப்பது உண்மை, ஆனால் அவை மனிதனைக் கண்டால் விலகிப் போவதே வழக்கம்.

வளர்ந்த ஆண் யானை நான்கு டன்னுக்கு மேல் இருக்கும். அதன் தலையெலும்பு பார்க்கத்தான் பெரிது. உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்தது. மூளை அதற்குப் பின்னால் சிறிய இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர்கள் வைத்திருந்த .470 துப்பாக்கியின் குண்டு 32 கிராம் எடை. அதன் தாக்குவிசை .22-ஐப் போல் முப்பது மடங்குக்கும் மேல். அதை வைத்துக்கொண்டே குறி தப்பிச் செத்த துரைமார்கள் உண்டு. இந்த மடக்குத் துப்பாக்கியால் யானையைச் சுட்டால் யானை சாகாது. அதற்கு வலிக்கும், கோபம் வரும்.

அந்தக் கோபம் அன்றைக்கே தீர்ந்துவிடுவதும் இல்லை. பாலக்காடு தோணிப் பகுதியில் பி.டி.-7 என்று எண்ணிட்டு அழைத்த கொம்பனை 2023 ஜனவரியில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. கூண்டில் வைத்துப் பார்த்தபோது அதன் உடம்பில் பல ரவைகள் புதைந்திருந்தன. யார் யாரோ, எப்போதெல்லாமோ, விரட்டுவதாக நினைத்துச் சுட்டவை. சுட்டவர் ஓடி வீட்டுக்குள் போயிருப்பார். மறுநாள் அதே பாதையில் பால் கொண்டுபோகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் அந்த யானைக்கு எதிரே வந்திருப்பார்கள்.

சின்னக்கானல் பக்கத்து அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். 2023 ஏப்ரல் 29 அன்று அதைப் பிடிக்க ஒரு பெரும் கூட்டமே வேண்டியிருந்தது: கால்நடை மருத்துவர்கள், கும்கி யானைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல மயக்க ஊசிகள். பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஒரு யானையை நகர்த்த இரண்டு மாநிலங்கள் பட்ட பாடு இது. அதன் எதிரே ஒன்றரைக் கிலோ பிளாஸ்டிக் கட்டையோடு நிற்கலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

சட்டம் சொல்வது

1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி .22 ரைபிளும் உரிமம் வேண்டிய ஆயுதம்தான். மடக்கினாலும், கழற்றினாலும், விளையாட்டுக்கு என்று சொன்னாலும் அதேதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. வெளிநாட்டில் கடையில் பணம் கட்டி வாங்கியதுதானே என்று பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தால் அது இன்னும் பெரிய குற்றம். வெளிநாட்டில் சுடும் பழக்கம் உள்ள பிள்ளைகள் ஊருக்குப் புறப்படும்போது பையின் அடியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா கிடக்கிறதா என்று ஒருமுறை உதறிப் பாருங்கள். விமான நிலையத்தில் அந்த ஒன்றே போதும்.

உரிமம் உள்ளவருக்கும் ஒரு சங்கதி. உரிமத்தில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். போடிமெட்டு, குமுளி, சின்னாறு என்று எல்லைச் சாவடிகளைத் தினமும் தாண்டிப் போகும் நம் குடும்பங்கள், அந்த வரியைப் படிக்காமல் ஊருக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகக் கூடாது.

இதைவிட முக்கியமானது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் 31-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் முன் அனுமதி பெறாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமல்ல. கத்தி, வலை, கண்ணி, விஷம் எல்லாமே அந்தச் சொல்லில் அடக்கம். நம்மைச் சுற்றிப் பாருங்கள்: இரவிகுளம், ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை என நான்கு தேசியப் பூங்காக்கள், சின்னாறு, குறிஞ்சிமலை என இரண்டு சரணாலயங்கள். இவற்றைத் தொடாமல் நீண்ட தூரம் நடக்கும் பாதை இங்கே அதிகம் இல்லை.

"உயிருக்கு ஆபத்து வந்தால் சுடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, 11-ஆம் பிரிவில். நல்லெண்ணத்தோடு தன்னையோ பிறரையோ காக்க ஒரு மிருகத்தைக் கொல்வது குற்றமாகாது. ஆனால் அதன் அடியிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: அந்த நேரத்தில் அவர் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அனுமதியின்றித் துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைந்தவர் நுழைந்த நிமிடத்திலேயே அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். நம்மவர்களில் பலர் அறியாத வரி இது.

உரிமத் துப்பாக்கிக்கு இங்கே இன்னும் ஒரு முறையான வேலை உண்டு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் உள்ளவர், ஊராட்சி சொன்ன இடத்தில், சொன்ன மிருகத்தைச் சுடுகிறார். வழிநடைக்காரருக்கு அதில் இடமில்லை. முயலும் காட்டுக்கோழியும்கூடப் பாதுகாக்கப்பட்ட உயிர்கள் என்பதால், இந்த மடக்குத் துப்பாக்கி எந்த ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையே இங்கே குற்றம்.

பிறகு எதைத்தான் எடுத்துப் போவது?

நம் முன்னோர்கள் சங்கரன்கோவில், கோவில்பட்டி, போடிப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்தே மலையேறியவர்கள். இன்று மலையேற்றம் என்று ஆசையாகப் போகும் குரங்கணிப் பாதை அவர்களுக்குப் பிழைப்புப் பாதை. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் உப்புத்துணி கட்டிய கம்பு. வழியில் அவர்களை வீழ்த்தியது பெரும்பாலும் மிருகமல்ல, குளிரும் காய்ச்சலும்தான்.

இன்றைக்கும் நிலைமை அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் மாண்டார்கள். பெரும்பாலும் இளவயதினர், பெண்கள் பலர். கோடைக்காலம், காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கி ஓடும் தீ. அந்தச் செய்தி வந்த இரவு லயத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வகுத்தது. 2024-இல் அனுமதிக்கப்பட்ட பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடு அனுப்பும் ஏற்பாடும் செய்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் புல்மலைக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை.

பையில் முதலில் வைக்க வேண்டியது கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும். ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்லில் உறைபனி படர்வதை நாம் பார்க்கிறோம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் நம்புவதில்லை. நனைந்த சட்டையோடு காற்றில் ஓர் இரவு நின்றால் உயிருக்கே ஆபத்து. பிறகு டார்ச் இரண்டு, விசில் ஒன்று, தீப்பெட்டி நனையாத பையில், அட்டைக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி, பொரிகடலையும் வெல்லமும். உணவுக்காக எதையும் சுட வேண்டிய அவசியம் இங்கே இல்லை. எந்தச் சோலையில் வழி தவறினாலும், ஓரிடத்தில் இருந்து விசிலடித்தால் ஒரு நாள் தூரத்துக்குள் ஒரு லயமோ முதுவர் குடியோ இருக்கும்.

யானை விஷயத்தில் நம்மை விடத் தெளிவாக வேலை செய்திருப்பவர்கள் வால்பாறைக்காரர்கள். அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு, யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர் டி.வி.யில் ஓடும் வரியாகவும் மக்களுக்கு அறிவித்தது. தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்குகளும் வைத்தது. இதற்காக ஆனந்தகுமார் என்ற ஆய்வாளருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. யானை இருக்கும் இடம் முன்கூட்டித் தெரிந்தால் மனிதன் அந்தப் பக்கம் போகமாட்டான். அவ்வளவு எளிமையான யோசனை. நம் பக்கம் படையப்பா எங்கே நிற்கிறான் என்று ஜீப் ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் புறப்படும் முன் அவர்களிடமும் வன அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். மாலை ஐந்துக்கு மேல், விடியும் முன், மூடுபனியில் நடக்காதீர்கள். எதிரே கண்டுவிட்டால் பேசாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். செல்பி எடுக்காதீர்கள், கல் எறியாதீர்கள்.

மருமகனை அந்த வாரமே வனத்துறை அனுமதித்த ஒரு சிறு பாதையில் அழைத்துப் போனேன். வழிகாட்டியாக வந்தவர் முதுவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு தடிகூட இல்லை. ஒரு மணி நேரம் நடந்திருப்போம். அவர் நின்று, குனிந்து, பாதையோரத்து யானை விட்டையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு" என்றார். மேலே பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று கணித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னைக்கு இது போதும்" என்றார். திரும்பினோம். ஒன்பதரை மணிக்கெல்லாம் டீக்கடையில் இருந்தோம்.